மரபணு ஒன்று, விதை வேறு: பி.டி. பருத்தி முதல் கடுகு வரை

பெரம்பலூர்ப் பக்கம் ஐந்து ஏக்கரில் பி.டி. பருத்தி பயிரிடும் உங்கள் சித்தப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மரபணு மாற்றப் பயிர் என்றாலே நஞ்சு என்று ஒரு சாராரும், அது இல்லாமல் நாளைய விவசாயமே இல்லை என்று மற்றொரு சாராரும் பேசுகிறார்களே, யார் சொல்வதை நம்புவது என்று கேட்கிறீர்கள். பி.டி. பருத்தி தோற்றுவிட்டது என்கிறார்களே, அப்படியானால் சித்தப்பா ஏன் ஆண்டுதோறும் அதையே வாங்குகிறார் என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு இந்த இரண்டாவது கேள்வியே முக்கியமாகப் படுகிறது. இதற்கு விடை தேடிப் போனால் முதல் கேள்வி தானாகவே வேறு வடிவம் எடுத்துவிடும்.

முதலில் அந்த மரபணு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பது மண்ணில் இயல்பாக வாழும் ஒரு பாக்டீரியா. அதன் பெயரின் சுருக்கமே பி.டி. அது உண்டாக்கும் ஒரு வகைப் புரதம் புழுவின் வயிற்றுக்குள் போனதும், அங்குள்ள காரத்தன்மையில் கரைந்து, குடற்சுவரில் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, சுவரைத் துளைத்துவிடுகிறது. புழு இரை எடுப்பதை நிறுத்திச் சில நாட்களில் சாகிறது. இந்தப் பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. இயற்கை விவசாயிகளும் அதைப் பயன்படுத்துகிறார்கள். தெளித்த மருந்து வெயிலில் சில நாட்களுக்குள் வலுவிழந்துவிடும் என்பதால், அந்தப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவையே பருத்திச் செடிக்குள் வைத்துவிட்டார்கள். பி.டி. பருத்தியின் அடிப்படை இவ்வளவுதான்.

இது வருவதற்கு முந்தைய நிலையை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். 1990களில் அமெரிக்கன் காய்ப்புழு எந்த மருந்துக்கும் அடங்காத நிலைக்கு வந்திருந்தது. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை மாற்றி மாற்றி அடித்தும், இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடித்தும், புழு காயைக் குடைந்துகொண்டேதான் இருந்தது. 1997-98 பருவத்தில் வாரங்கல் பகுதியில் பருத்தி விவசாயிகள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டது நாடறிந்த செய்தி. அப்போது பி.டி. பருத்தி இந்தியச் சந்தையில் இல்லை. விவசாயிகளின் தற்கொலைகளுக்கெல்லாம் பி.டி. பருத்தியே காரணம் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த ஆண்டுக்கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கடன், மானாவாரி நிலத்தின் நிச்சயமின்மை, விலை வீழ்ச்சி என்று அந்தத் துயரத்துக்கு நீண்ட வேர்கள் உண்டு. ஒரு விதையின் தலையில் அத்தனையையும் சுமத்தினால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

2001-இல் குஜராத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. காய்ப்புழு கடுமையாகத் தாக்கிய அந்தப் பருவத்தில், 'நவபாரத் 151' என்ற வீரிய ஒட்டு ரகம் (இரண்டு வேறு செடிகளைக் கலந்து உண்டாக்கும் விதை) பயிரிட்ட வயல்கள் மட்டும் தப்பி நின்றன. சோதித்துப் பார்த்தபோது, அனுமதியே பெறாத பி.டி. மரபணு அதில் இருப்பது தெரிந்தது. அரசு அந்தப் பயிரை அழிக்கச் சொன்னபோது விவசாயிகள் எதிர்த்தார்கள். 2002 மார்ச்சில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, மஹிகோ நிறுவனத்தின் மூன்று வீரிய ஒட்டு ரகங்களுக்குச் சட்டப்படி அனுமதி அளித்தது. மரபணு மான்சான்டோ என்ற அமெரிக்க விதை நிறுவனத்துடையது. பத்தாண்டுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பி.டி. ஆகிவிட்டது. இவ்வளவு விரைவாக ஒரு விதை பரவ வேண்டுமானால், விளம்பரம் மட்டும் போதாது. பக்கத்து வயலில் கண்ணால் பார்த்த ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

அந்த ஏதோ ஒன்று விளைச்சலா, மருந்துச் செலவில் மிச்சமா என்பதில்தான் அறிஞர்களிடையே இன்றும் சண்டை. 2001-02-இல் ஹெக்டேருக்கு 308 கிலோ பஞ்சு விளைந்தது. 2007-08-இல் 554 கிலோ. மொத்த உற்பத்தி 158 லட்சம் பொதியிலிருந்து 2013-14-இல் 398 லட்சம் பொதியாக உயர்ந்தது. ஆதரவாளர்கள் இந்த எண்களை எடுத்துக்காட்டி வாதத்தை முடித்துவிடுவார்கள். ஆனால் 2004-05-இலேயே விளைச்சல் 470 கிலோவை எட்டிவிட்டது. அந்த ஆண்டு அனுமதி பெற்ற பி.டி. விதை மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. கள்ளவிதையையும் சேர்த்துக்கொண்டாலும், அந்த உயர்வு முழுவதையும் ஒரு மரபணுவின் கணக்கில் எழுத முடியாது. குஜராத்தின் பாசன விரிவாக்கம், கூடுதலாகப் போட்ட உரம், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு எதிரான புதிய விதைநேர்த்தி மருந்துகள், நல்ல மழை ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. மறுபக்கம், 2002 முதல் 2008 வரை அதே விவசாயக் குடும்பங்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துச் செய்த ஓர் ஆய்வு, பூச்சிச் சேதம் குறைந்ததால் ஏக்கருக்கு 24 விழுக்காடு விளைச்சலும் அதன் வழியே 50 விழுக்காடு இலாபமும் கூடின என்று காட்டியது. இரண்டு தரப்பு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், முதல் ஏழெட்டு ஆண்டுகள் அந்த மரபணு தன் வேலையைச் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை என்பதே என் கணிப்பு. அதன் பிறகு விளைச்சல் ஏறவில்லை. அண்மை ஆண்டுகளில் 450 கிலோவையொட்டியே தடுமாறுகிறது. உலகச் சராசரிக்கும் இது குறைவு.

ஏன் ஏறவில்லை என்பதற்கான விடையில் பாதி, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிடம் இருக்கிறது. அமெரிக்கன் காய்ப்புழு கண்ணுக்குத் தெரியும்படி காயை வெளியிலிருந்து குடையும். இதுவோ சப்பை எனப்படும் மொட்டிலும் பூவிலும் பிஞ்சிலும் சிறு புழுவாக நுழைந்துவிடும். நுழைந்த துளையும் மூடிக்கொள்ளும். பூவின் இதழ்களைப் பட்டு நூலால் பின்னி விரியவிடாமல் வைத்திருப்பது மட்டுமே வெளியே தெரியும் அடையாளம். காயின் உள்ளே இருந்து கொட்டையைத் தின்று, பஞ்சைக் கறையாக்கிவிட்டுப் போகும். காய் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், வெடித்த பிறகுதான் சேதம் தெரியும் என்பதால், மருந்தடித்துப் பிடிப்பதும் கடினம்.

இந்தப் புழு முதல் பி.டி. புரதத்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதை, குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் கண்டதாக 2010-இல் மான்சான்டோ நிறுவனமே அறிவித்தது. இரண்டு புரதங்கள் கொண்ட 'போல்கார்டு 2' 2006 முதலே சந்தையில் இருந்தது. அதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார்கள். 2014-15 வாக்கில் குஜராத்தில் அதுவும் தோற்றது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் விதர்ப்ப, மராத்வாடா வயல்கள் இந்தப் புழுவால் சூறையாடப்பட்டன. பின்னர் அது பஞ்சாப், ஹரியானா வரை போய்விட்டது. அமெரிக்கன் காய்ப்புழுவோ இன்றுவரை பி.டி. பருத்தியில் பெரிய அளவில் தலைதூக்கவில்லை. ஒரே செடி, ஒரே புரதம், இரண்டு புழுக்கள், இரண்டு விதமான முடிவுகள்.

காரணம் சாப்பாட்டில் இருக்கிறது. அமெரிக்கன் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எதையும் தின்னும். ஆகவே பி.டி. புரதத்தைச் சந்திக்காமலேயே அதன் கூட்டத்தில் பெரும்பகுதி பக்கத்துத் துவரை வயலில் வளர்ந்து, பருத்தி வயலில் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு வலுவான அந்துப்பூச்சிகளோடு கலந்து, எதிர்ப்புத்திறனை நீர்த்துப்போகச் செய்துவிடுகிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குப் பருத்தியை விட்டால் கிட்டத்தட்ட வேறு போக்கிடம் இல்லை. ஊர் முழுவதும் பி.டி. பருத்தி என்றால், பிழைத்தவை தம்மைப்போல் பிழைத்தவற்றோடு மட்டுமே இணையும். சில ஆண்டுகளில் அந்தக் கூட்டமே வேறு கூட்டமாகிவிடும்.

இதை முன்கூட்டியே அறிந்துதான் புகலிடப் பயிர் என்ற விதி வைத்தார்கள். பி.டி. வயலின் ஓரத்தில் ஐந்து வரிசையோ, மொத்தப் பரப்பில் 20 விழுக்காடோ, எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி நட வேண்டும். அதற்காகவே 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையைத் தனிப் பொட்டலமாக வைத்துக் கொடுத்தார்கள். சித்தப்பாவிடம் அந்தச் சின்னப் பொட்டலத்தை என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். நான் பேசிய விவசாயிகளில் பெரும்பாலோர் அதை வரப்பிலேயே விட்டுவிட்டதாகத்தான் சொன்னார்கள். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம், ஊர் நன்மைக்காக ஐந்தில் ஒரு பங்கு நிலத்தைப் புழுவுக்கு விருந்தாக வையுங்கள் என்று சொல்லும் திட்டம், ஆயிரம் ஏக்கர் பண்ணைகளைப் பார்த்து எழுதப்பட்டது. விதையைக் கலந்தே ஒரே பையில் கொடுக்கும் முறை இந்தியாவில் நடைமுறைக்கு வந்தபோது, புழு ஏற்கெனவே ஜெயித்திருந்தது.

இங்கேதான் விதைக்கும் மரபணுவுக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. நான் சொல்ல விரும்புவதன் நடுப்பகுதி இதுவே. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் முதலிய நாடுகளில் பி.டி. மரபணுவைச் சாதாரண ரகங்களில் வைத்தார்கள். இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய முழுவதையும் வீரிய ஒட்டு ரகங்களில் வைத்தார்கள். பருத்தியில் வணிக அளவில் வீரிய ஒட்டு ரகத்தை உலகில் முதலில் வெளியிட்டது இந்தியாதான். 1970-இல் சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் சி.டி. படேல் உருவாக்கிய 'எச்-4' அது. அந்த அறிவியல் பெருமைக்குரியதே. ஆனால் ஒட்டு விதையை எடுத்து வைத்து மறுபருவம் விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது என்பதால், விவசாயி ஆண்டுதோறும் கடைக்குத்தான் போக வேண்டும். ஒரு மரபணுவுக்கு உரிமத்தொகை வசூலிக்க நினைக்கும் நிறுவனத்துக்கு இதைவிட வசதியான பூட்டு கிடையாது. மலட்டு விதை, அழிப்பு மரபணு என்றெல்லாம் பேசப்படுவது கட்டுக்கதை; அப்படியொரு விதை எந்த நாட்டிலும் விற்பனைக்கு வந்ததில்லை. அது தேவைப்படவும் இல்லை, ஒட்டு விதையே அந்த வேலையைச் செய்துவிட்டது. தொடக்க ஆண்டுகளில் ஒரு பொட்டலம் 1,600 ரூபாய்க்கும் மேல் விற்று, 2006-இல் ஆந்திர அரசு வழக்குத் தொடுத்த பிறகு 750 ரூபாய்க்கு இறங்கியது. பின்னர் 2015 டிசம்பரில் மத்திய அரசு விலைக் கட்டுப்பாட்டு ஆணையே பிறப்பித்தது.

விலை ஒரு பக்கம் இருக்கட்டும். ஒட்டு விதை பயிர்முறையையே மாற்றிவிட்டது. விதை விலை அதிகம் என்பதால் செடிகளை அகல நட வேண்டும். அகல நட்ட செடி புதர்போல் வளர்ந்து, 180 நாள், 200 நாள் என்று வயலில் நிற்கும். மற்ற நாடுகளில் ஹெக்டேருக்கு லட்சம் செடிகளுக்கும் மேல் நெருக்கி நட்டு, செடிக்குச் சில காய்கள் மட்டும் ஒரே சமயத்தில் வெடிக்கவைத்து, ஐந்து மாதத்தில் வயலைக் காலி செய்துவிடுகிறார்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு பருவத்தின் பிற்பகுதியில் பெருகும் பூச்சி. நம் வயலில் மேலும் இரண்டு மாதம் செடியை நிறுத்தி, தண்ணீரும் விட்டு, இன்னொரு எடுப்பு கிடைக்குமா என்று காத்திருப்பது, புழுவுக்கு இன்னும் ஒன்றிரண்டு தலைமுறைகள் பெருக இடம் கொடுப்பதற்குச் சமம்.

இன்னும் நுட்பமான ஒரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான நம் ஒட்டு ரகங்களில் பெற்றோரில் ஒன்று மட்டுமே பி.டி. ஆகவே செடி முழுவதும் மரபணு இருந்தாலும், அதன் காய்க்குள் இருக்கும் கொட்டைகளில் அது பிரிந்துவிடும். ஒரே மரபணு என்றால் நான்கில் ஒரு கொட்டையிலும், இரண்டு மரபணு என்றால் பதினாறில் ஒரு கொட்டையிலும் எதுவுமே இருக்காது. கொட்டையைத் தின்று வாழும் புழு, ஒரே காயில் நஞ்சுள்ள கொட்டையையும் நஞ்சில்லாத கொட்டையையும் மாறி மாறிச் சுவைத்து, சாகாமல் பழகிக்கொள்ள நல்ல பள்ளிக்கூடம் கிடைத்துவிடுகிறது. நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் கே.ஆர். கிராந்தி இதைத் தொடர்ந்து எச்சரித்து வந்தவர். வேடிக்கை என்னவென்றால், சீனாவின் யாங்சே பள்ளத்தாக்கில் இதே பிரிதல் நன்மையாக முடிந்தது. அங்கே ஒட்டு ரகத்தின் விதையை மறுபருவம் விதைத்தபோது, நான்கில் ஒரு செடி முழுவதும் பி.டி. இல்லாததாக முளைத்து, வயல் முழுவதும் தானாகவே புகலிடப் பயிர் அமைந்துவிட்டது, எதிர்ப்புத்திறன் பின்வாங்கியது. இதே புழுவை அமெரிக்கா, பி.டி. பருத்தியோடு மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் விமானத்திலிருந்து விட்டும், அறுவடைக்குப் பின் தட்டைகளை அழித்தும், 2018-இல் தன் பருத்திப் பகுதிகளிலிருந்து அடியோடு ஒழித்துவிட்டதாக அறிவித்தது. ஒரே மரபணு ஒரு நாட்டில் புழுவை ஒழித்தது, இன்னொரு நாட்டில் புழுவிடம் தோற்றது. இதற்குப் பிறகும் மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா என்று பொதுப்படக் கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது?

அரசு ஏன் சாதாரண ரகத்தில் பி.டி. வைக்கவில்லை என்று கேட்பீர்கள். முயன்றது, அவமானத்தில் முடிந்தது. பொதுத்துறை ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய 'பிக்கானேரி நர்மா பி.டி.' என்ற ரகம், விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற வாக்குறுதியோடு 2009-இல் வயலுக்கு வந்தது. அதற்குள் இருந்தது நம் விஞ்ஞானிகள் சொன்ன மரபணுவாக இல்லாமல், மான்சான்டோவின் மரபணு அதில் கலந்திருந்தது கண்டறியப்பட்டு, அதே ஆண்டிலேயே திரும்பப் பெறப்பட்டது. பின்னர் ஒரு விசாரணைக் குழுவும் அதை உறுதிசெய்தது. மான்சான்டோவைத் திட்டுவதில் நாம் செலவழித்த ஆற்றலில் கொஞ்சத்தை இந்தத் தோல்வியைக் கேள்வி கேட்பதில் செலவழித்திருக்கலாம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

மருந்துச் செலவு குறைந்தது என்ற வாதமும் முதல் சில ஆண்டுகளுக்கே பொருந்தும். காய்ப்புழு மருந்து குறைந்ததும், அதோடு சேர்ந்து செத்துக்கொண்டிருந்த தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ ஆகியவை தலைதூக்கின. இவற்றை பி.டி. புரதம் ஒன்றும் செய்யாது. நம் ஒட்டு ரகங்களில் பல இவற்றுக்கு எளிதில் இரையாகக்கூடியவை. 2015-இல் பஞ்சாபின் பருத்தியை வெள்ளை ஈ அழித்தது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித்தொழிலாளர்களுமாக 20 பேருக்கும் மேல் நச்சேறி இறந்தார்கள்.

அடுத்து கத்தரிக்காய். தமிழ்நாட்டுக்கு இந்த விவாதத்தில் நேரடித் தொடர்பு உண்டு என்றால் அது இங்கேதான். தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு எதிரான பி.டி. மரபணுவை மஹிகோ தன் கத்தரி ஒட்டு ரகங்களில் வைத்தது. அதே மரபணுவைக் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் தத்தம் பகுதி ரகங்களில் ஏற்றின. கோவையில் எடுத்துக்கொண்டவை கோ-2, மதுரை-1, பாலூர்-1, கிள்ளிகுளம்-1 போன்ற நம்மூர் ரகங்கள். அவற்றின் விதையை விவசாயி தானே எடுத்து வைத்துக்கொள்ளலாம். 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு அனுமதி வழங்கியது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக்கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்திவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று காலவரையறையற்ற தடை விதித்தார். அந்த ஆண்டிலேயே குழுவின் பெயரில் இருந்த 'ஒப்புதல்' என்ற சொல் 'மதிப்பீடு' என்று மாறியது. பெயரிலிருந்தே முடிவு தெரிந்துவிடக் கூடாதல்லவா.

கத்தரி நம் மண்ணில் பலநூறு வடிவங்களில் வளரும் பயிர், அதன் காட்டு உறவினங்களும் இங்கு உண்டு, மகரந்தம் போய்ச் சேர்ந்தால் வேலூர் முள்ளுக்கத்தரி போன்ற நாட்டு ரகங்களில் அந்த மரபணு நுழைந்துவிடுமே என்ற அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். பாதுகாப்புச் சோதனைத் தரவுகள் நீதிமன்றம் வரை போன பிறகே பொதுவெளிக்கு வந்தன என்பதும் ஐயத்தை வளர்த்தது. ஆனால் தடையின் விளைவாக நின்றுபோனது தனியார் ஒட்டு ரகம் மட்டுமில்லை, விவசாயியே விதை எடுத்து வைக்கக்கூடிய நம்மூர் ரகங்களும்தான் என்பதைத் தடையைக் கொண்டாடியவர்கள் பேசுவதே இல்லை. நிறுவனத்தின் பிடியிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்க்க நமக்கு அன்று ஒரு வாய்ப்பு வந்தது, அதைத் தவறவிட்டோம்.

அந்தச் சோதனையை வங்கதேசம் செய்தது. 2013 அக்டோபரில் நான்கு ரகங்களுக்கு அனுமதி அளித்து, 2014 தொடக்கத்தில் 20 விவசாயிகளிடம் நாற்றைக் கொடுத்தது. முதல் ஆண்டில் வாடல் நோயால் சிலருடைய செடிகள் பட்டுப்போயின. எதிர்ப்பாளர்கள் இதோ தோல்வி என்றார்கள். வாடல் நோய்க்கும் பி.டி. மரபணுவுக்கும் தொடர்பில்லை. 2018 வாக்கில் 27,000 பேருக்கு மேல் பயிரிட்டார்கள். குலுக்கல் முறையில் கிராமங்களைத் தேர்ந்து நடத்திய ஆய்வு, விளைச்சல் கூடியதையும் பூச்சிக்கொல்லிச் செலவு நன்றாகக் குறைந்ததையும் காட்டியது. கத்தரி வயலில் ஒரு பருவத்துக்கு எத்தனை முறை மருந்து அடிக்கிறார்கள் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காயைப் பறிப்பதற்கு முந்தைய நாள்கூட அடிப்பார்கள். அந்தக் காயைத்தான் நாம் சந்தையில் புழுவில்லையே என்று பார்த்து வாங்குகிறோம். 2019-இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத் மாவட்டத்தில் அனுமதியில்லாத பி.டி. கத்தரி வளர்வது கண்டுபிடிக்கப்பட்டது. குஜராத்தில் 2001-இல் நடந்தது திரும்பியிருக்கிறது என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

உடல்நலம் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். மனித வயிறு அமிலத்தன்மை கொண்டது, பி.டி. புரதம் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நம் குடலில் இல்லை. எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததாக 2012-இல் பிரான்சின் செராலினி குழு வெளியிட்ட ஆய்வை, அதை அச்சிட்ட அறிவியல் இதழே 2013-இல் திரும்பப் பெற்றது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளியிட்ட அறிக்கை, சந்தையில் உள்ள மரபணு மாற்ற உணவுகள் மற்ற உணவுகளைவிட உடலுக்குக் கூடுதல் தீங்கு செய்வதாகச் சான்று இல்லை என்றது. விளைச்சல் உயரும் வேகத்தை அவை கூட்டிவிட்டதற்கும் சான்று இல்லை என்று அதே அறிக்கை சொன்னதை ஆதரவாளர்கள் மேற்கோள் காட்டுவதில்லை. நாமும் இதைச் சாப்பிடாமல் இல்லை. பருத்திக்கொட்டை எண்ணெயும், கொட்டையும் பிண்ணாக்கும் தின்ற மாட்டின் பாலும், மதுரைத் தெருமுனைப் பருத்திப்பாலும் பெரும்பாலும் பி.டி. பருத்தியின் வழி வந்தவையே. அர்ஜென்டினாவிலிருந்து வரும் சோயா எண்ணெயும் மரபணு மாற்றப் பயிரிலிருந்து வருவதுதான். இவ்வளவு நாள் சாப்பிட்டோம் என்பது பாதுகாப்புக்கு ஆய்வுச் சான்றாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒவ்வொரு புதிய மரபணுவையும் தனியாகச் சோதிக்க வேண்டும், முடிவுகளை யாரும் படிக்கும்படி வைக்க வேண்டும்.

எனக்கு உண்மையான தயக்கம் உள்ள இடம் களைக்கொல்லி தாங்கும் பயிர்கள். பி.டி. பயிர் வயலில் அடிக்கும் மருந்தைக் குறைக்க வந்தது; களைக்கொல்லி தாங்கும் பயிர் அதைக் கூட்டுவதற்காகவே வருகிறது. அமெரிக்காவில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தொடர்ந்து அடித்ததில், நம் தண்டுக்கீரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு களை அந்த மருந்துக்கு அசையாமல் ஆளுயரத்துக்கு நின்று பருத்தி வயல்களை மூடியது. நம் ஊரில் கூடுதலாக இரண்டு சிக்கல்கள். பருத்திக்குள் துவரையும் உளுந்தும் ஊடுபயிராக வைத்திருக்கும் வயலில் களைக்கொல்லியைத் தெளித்தால், அவையும் கருகிவிடும். களையெடுப்பு பெரும்பாலும் பெண்களின் கூலி வேலை. நிலமில்லாத குடும்பத்துக்கு அந்த நாட்களின் கூலி பெரிது. ஆனால் ஆள் கிடைக்காமல் களை மண்டிய வயலைப் பார்த்து நிற்கும் சித்தப்பாவிடம் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். 2019 ஜூனில் அகோலா மாவட்டத்தில் ஷேத்கரி சங்கட்டனா என்ற விவசாயிகள் அமைப்பினர், அனுமதியில்லாத களைக்கொல்லி தாங்கும் பருத்தியை வெளிப்படையாகவே விதைத்துப் போராட்டம் நடத்தினார்கள்.

இதனால்தான் கடுகு வழக்கில் எனக்கு முழு உடன்பாடு வரவில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய 'டி.எம்.எச்-11' கடுகு பொதுத்துறையின் படைப்பு. உரிமத்தொகைச் சண்டை அதில் இல்லை. தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்ளும் கடுகில் ஒட்டு விதை தயாரிப்பதற்காக, ஆண் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் ஒரு மரபணுவையும் அதை மீட்கும் இன்னொரு மரபணுவையும் பாக்டீரியாவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். கூடவே குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவும் போகிறது. அது விதை உற்பத்திக்கு மட்டும்தான், விவசாயிகள் வயலில் அடிக்க மாட்டார்கள் என்கிறது அரசு. 120 கிராம் புகலிடப் பொட்டலம் என்ன ஆனது என்று பார்த்த பிறகு, காகிதத்தில் எழுதும் நிபந்தனை வயலில் நிற்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. 2022 அக்டோபரில் தரப்பட்ட அனுமதி உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2024 ஜூலையில் நீதிபதிகள் நாகரத்னாவும் சஞ்சய் கரோலும் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். தேசிய அளவில் ஒரு கொள்கை வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் கடுகு விளைச்சல் முக்கியம்தான். அதற்குக் களைக்கொல்லி மரபணு இல்லாத வழியைத் தேடச் சொல்வதும் நியாயமே.

மரபணுத் திருத்தம் என்ற புதிய முறை இந்த விவாதத்தின் எல்லைக்கோட்டையே நகர்த்திவிட்டது. வேறு உயிரியின் மரபணுவைச் சேர்க்காமல், நெல்லின் சொந்த மரபணுவிலேயே சிறு மாற்றம் செய்த இரண்டு ரகங்களை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2025 மேயில் அறிவித்தது. அதில் ஒன்றான 'கமலா', சம்பா மசூரியிலிருந்து வந்தது. நம் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் அதே அரிசிதான். இவ்வகைப் பயிர்களுக்கு 2022-இலேயே பழைய கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். நெல் ரகம் என்பதால் விதையை எடுத்து வைக்கலாம் என்பது நல்ல செய்தி. வயல் சோதனைத் தரவுகளை முழுமையாக வெளியிட்டால் இன்னும் நல்லது.

சித்தப்பா ஏன் இன்னும் பி.டி. வாங்குகிறார் என்பதற்கு இப்போது விடை எளிது. அமெரிக்கன் காய்ப்புழுவை அது இன்னும் தடுக்கிறது, கடையில் பி.டி. அல்லாத நல்ல விதை ஏறக்குறைய கிடைப்பதே இல்லை. ஆகவே விதையை மாற்றச் சொல்லி அவரிடம் சண்டை போடாதீர்கள். குறைந்த நாளில் முடியும் ரகமாகப் பார்த்து வாங்கி, அக்கம்பக்கத்து வயல்களோடு சேர்ந்து ஒரே சமயத்தில் விதைக்கச் சொல்லுங்கள். செடி பூக்கத் தொடங்கும் முன்பே ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி (பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும் பொறி) வைக்க வேண்டும். ஒரு பொறியில் இரவுக்கு எட்டு அந்துப்பூச்சிகள் என்று மூன்று இரவுகள் தொடர்ந்து விழுந்தால் மட்டும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் கடைக்காரர் கொடுக்கும் கலவையைத் தொட வேண்டாம். விரியாமல் பின்னிக்கிடக்கும் பூக்களைக் கண்டால் பறித்து அழித்துவிடச் சொல்லுங்கள். கடைசி எடுப்பு முடிந்ததும் இன்னொரு எடுப்புக்காகத் தண்ணீர் விடாமல் செடியைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய பருத்திமாரை அடுப்புக்கென்று வீட்டோரம் அடுத்த விதைப்பு வரை அடுக்கி வைத்தால், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த காய்களுக்குள் புழுவும் காத்திருக்கும்.